செல்லோ அல்ல

வாரிசுச் சான்று கேட்டு வருகிறவர்களைப் பல வருடங்கள் விசாரித்தவன் நான். யார் யாருக்கு என்ன உறவு என்று தீர்மானிப்பதுதான் வட்டாட்சியர் அலுவலகத்தில் எனக்குச் சோறு போட்டது. இறந்தவரின் மூக்கையே வைத்துக்கொண்டு இரண்டு குடும்பங்கள் வந்து நிற்கும். மூக்கைப் பார்த்து உறவு சொல்லக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். ஓய்வுபெற்றபின் ஒருநாள் அந்தப் பாடத்தை மறந்தேன். எங்கள் தெரு அம்மையார் ஒருவரின் கூடத்தில், சுவரில் சாய்ந்து நின்ற, பெரிய வயலின் போன்ற வாத்தியத்தைப் பார்த்து, "செல்லோவா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லீங்க. இது செல்லோ இல்லீங்க," என்றார்.

உட்காரச் சொன்னது அதற்குப் பிறகுதான்.

நான் போனது வேறு காரியத்துக்கு. ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவர் தெருவில் குடியிருந்தால், தெருவில் இருக்கிற எல்லோருக்கும் அவர் இலவசமாக உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது எழுதப்படாத அரசாணை. இறந்துபோன தம்பியின் வீட்டுக்குப் பட்டா மாற்றுவது எப்படி என்று கேட்க அவர் ஆள் அனுப்பியிருந்தார். பட்டாவைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினோம். அந்த வாத்தியம் ஏன் செல்லோ இல்லை என்பதைப் பற்றி மதியச் சாப்பாட்டு வேளை வரை பேசினார்.

அதன் பெயர் வியோலா ட காம்பா. காம்பா என்றால் இத்தாலிய மொழியில் கால். கால்களுக்கிடையில் பிடித்து வாசிப்பதால் அந்தப் பெயர். செல்லோவும் கால்களுக்கிடையில்தான் நிற்கிறது. ஆனால் அதற்கு அடியில் ஓர் இரும்புக் குச்சி உண்டு, தரையில் ஊன்றிக்கொள்ளும். இதற்கு ஊன்றுகோல் கிடையாது, கெண்டைக்கால்கள்தான் தாங்க வேண்டும். செல்லோவுக்கு நான்கு தந்திகள், இதற்கு ஆறு. செல்லோவின் முதுகு புடைத்திருக்கும், இதன் முதுகு பலகைபோல் தட்டை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, வீணைக்கு இருப்பதுபோல இதன் கழுத்தில் மெட்டுகள் உண்டு. செல்லோவின் கழுத்து மொட்டை. விரலை எங்கே வைப்பது என்பது வாசிப்பவர் பாடு. இதற்கு ஏழு இடங்களில் ஆட்டுக்குடல் நரம்பைச் சுற்றிக் கட்டி, சுரம் இங்கே இருக்கிறது என்று காட்டியிருப்பார்கள்.

"ஆனா பாக்குறதுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணாத்தானே இருக்கு?" என்றேன்.

"கிட்டத்தட்டன்னா வேறன்னு அர்த்தம் சார்."

இதை அவர் எத்தனை பேரிடம், எத்தனை விஷயத்துக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஹாலந்தில் ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர் அவர். "ஏ குரூப்பும் பி குரூப்பும் கண்ணுக்கு ஒரே சிவப்புதான். கிட்டத்தட்ட ஒண்ணுன்னு ஏத்துனா ஆளு போயிடுவான்," என்பார். அந்தக் கண்ணை அவர் பணியோடு ஒப்படைத்துவிட்டு வரவில்லை. ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஆரணி அந்தக் கண்ணுக்குத் தயாராக இருக்கவில்லை. கல்யாண வீட்டில் யாராவது, "இவங்க ஜெர்மனிலேர்ந்து வந்தவங்க," என்று பெருமையாக அறிமுகம் செய்வார்கள். "ஜெர்மனி இல்லீங்க, ஹாலந்து," என்பார். துக்கம் விசாரிக்க வந்தவர் கண்ணீரோடு, "உங்க அண்ணன் தங்கமான மனுஷன்மா," என்றபோது, "அண்ணன் இல்லீங்க, தம்பி," என்றார். வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபிகூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார். திருத்தியது தவறில்லை. இறந்தவர் தம்பிதான். ஆனால் சரியாக இருப்பதற்கும் சகிக்கும்படி இருப்பதற்கும் இடையில் ஒரு சந்து இருக்கிறது. ஊரெல்லாம் அந்தச் சந்தில்தான் குடியிருக்கிறது. அவர் அந்தப் பக்கம் நடந்து போனதே இல்லை.

ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்கு அவரை வாசிக்க அழைத்தார்கள். பேச்சுவார்த்தை என் மூலமாகத்தான் நடந்தது, அதனால் நானும் போயிருந்தேன். மேடையில் ஆசிரியர் ஒருவர் ஒலிபெருக்கியில், "இப்பொழுது செல்லோ இசை!" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மையார் வாத்தியத்தைக் கீழே சாய்த்து வைத்துவிட்டு மைக்கைக் கையில் வாங்கினார். வில்லைச் செல்லோக்காரர்கள் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடிப்பார்கள், இதற்கு ஏந்திப் பிடிக்க வேண்டும் என்று செய்து காட்டினார். செல்லோ வயலின் குடும்பம், இது வேறு குடும்பம் என்றார். முன்வரிசைப் பிள்ளைகள் முறுக்கு தின்றுகொண்டு கேட்டார்கள். அவருக்கு ஒதுக்கிய நேரம் முடிந்து, கரகாட்டக் குழு மேடையேறிவிட்டது. ஒரு சுரம்கூட வாசிக்காமல் இறங்கினார்.

"வாசிச்சிருந்தா வித்தியாசம் அவங்களுக்கே தெரிஞ்சிருக்குமே," என்றேன், ஆட்டோவில்.

"பேரு தப்பா இருக்கும்போது எப்படி சார் வாசிக்கிறது?"

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "செல்லோவாம்மா அது?" என்றார். மீதி வழி எனக்கு ஓய்வு.

பழக்க தோஷத்தில் ஒருநாள் நான் முறைப்படி விசாரணையே நடத்தினேன். இரண்டு வாத்தியங்களுக்கும் தகப்பன் ஒருவனா? இல்லை என்றார். செல்லோ வயலினுக்கு உடன்பிறப்பு. காம்பா கிதாருக்குப் பக்கத்து உறவு. யாரோ ஒருவன் கிதார் மாதிரியானதை நிமிர்த்தி வைத்து வில் போட்டதில் பிறந்தது இது என்று பெரியவர்கள் சொல்கிறார்களாம்.

"அப்போ பங்காளிகூட இல்லையா?"

"ஒரே காலத்துல, ஒரே தெருவுல குடியிருந்தவங்கன்னு வெச்சிக்குங்க. ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் உடுத்திகினாங்க. அதனால ஜாடை."

"அதுக்கும் மேல போங்க. தந்தியை வில்லால தேய்க்கலாம்னு முதல்ல கண்டுபிடிச்ச ஆளு ஒருத்தன் இருந்திருப்பானே. அவன் ரெண்டுக்கும் பாட்டன்தானே?"

"இருக்கலாம். ஆதாரம் இல்லையே சார்."

என் அலுவலகத்தில் எத்தனையோ மனுக்களை இதே வார்த்தை சொல்லித் தள்ளுபடி செய்திருக்கிறேன். அதைத் திரும்பக் கேட்க அவ்வளவு நன்றாக இல்லை.

காம்பா தனியாக வாசிக்கப் பிறந்தது அல்ல என்பதை அவர் வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். சிறிதும் நடுத்தரமும் பெரிதுமாக நான்கைந்து காம்பாக்கள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பதுதான் அதன் வழக்கமாம். ஹாலந்தில் பரிசோதனைக் கூடத்து வேலை முடிந்தபின் ஒரு கூட்டம் அப்படிச் சேரும். ஒரு தபால்காரர், ஒரு பல் வைத்தியர், இரண்டு ஆசிரியைகள், இவர். "குடும்பத்துலேர்ந்து ஒருத்தியை மட்டும் பிரிச்சிக் கூட்டிகினு வந்துட்டேன்," என்றார். ஏன் ஊருக்குத் திரும்பினார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் பிள்ளைகள் ஏன் ஊருக்குத் திரும்புவதில்லை என்று அவரும் என்னைக் கேட்டதில்லை.

இங்கே அதைத் தனியாகக்கூட வாசிக்க முடியவில்லை. பின்தெருவில் வரிசையாக விசைத்தறிகள். விடிந்ததிலிருந்து அந்தக் கடகடப்பு சுவரையே அதிர வைக்கும். காம்பாவின் குரல் தாழ்ந்த குரல். பக்கத்தில் உட்கார்ந்து மெல்லப் பேசுகிற ஆளைப் போன்றது. தறி ஓடும்போது வில் போவது தெரியும், சத்தம் கேட்காது. மாதத்துக்கு ஒருநாள் மின்வாரியம் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து இரண்டு மணி வரை மின்சாரத்தை நிறுத்துமே, அன்று ஆரணியே மின்வாரியத்தைச் சபித்துக்கொண்டிருக்கும். அவர் மட்டும் தலைக்குக் குளித்து, நல்ல புடவை உடுத்தி, வில்லை எடுப்பார். என்றைக்கு மின்தடை என்று நாளிதழில் பார்த்து முன்கூட்டியே சொல்வது என் பொறுப்பு.

கேட்க இரண்டு பேர். நான் ஒருவன். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா இன்னொருத்தி.

பச்சையம்மா கைத்தறியில் பட்டு நெய்கிறவள். ஊரில் அம்மையாரிடம் திருத்தம் வாங்காத ஒரே ஜீவன். காரணம், அவள் அந்த வாத்தியத்துக்குப் பெயரே வைக்கவில்லை. "அது இன்னாக்கா, இன்னிக்கு அதை எடுக்கலியா?" என்பாள். 'அது' என்பதில் திருத்த என்ன இருக்கிறது? குழம்பு கொண்டுவருவாள், இவர் தலைவலிக்குத் தைலம் தேய்த்துவிடுவாள், வாயிலிருக்கும் வெற்றிலையோடு ஊர்க்கதை பேசுவாள். அவள் வந்துபோகாத நாள் கிடையாது.

மெட்டுக்குக் கட்டும் நரம்பு ஆரணி வெயிலில் அறுந்துகொண்டே இருந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். அதை மீட்கும் வழிமுறை எனக்கே அலுத்துவிட்டது. பச்சையம்மாதான் பட்டு இழைகளைச் சேர்த்து, முறுக்கேற்றி, கஞ்சி போட்டு உலர்த்திக் கொடுத்தாள். அதை அம்மையார் தம் கையால் கழுத்தில் சுற்றிக் கட்டிக்கொள்வார். நரம்பைவிட நன்றாக உழைத்தது. ஒரே ஒரு வேலை உண்டு: ஒவ்வொரு முறையும் வாசிக்கும்முன் மெட்டுகளை இம்மி இம்மியாகத் தள்ளிச் சரிசெய்வார். தலைப்பக்கம் அகலமாகவும் கீழே வரவர நெருக்கமாகவும் அவை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரம் பொய் சொல்லும் என்று எனக்கு ஒருமுறை விளக்கியிருந்தார். எனக்கு விளக்கினார். பச்சையம்மா கேட்டதில்லை, அதனால் அவளுக்கு விளக்கவில்லை.

போளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் நான் ஒரு செல்லோக்காரரைக் கண்டுபிடித்தேன். சென்னையில் சினிமா ஒலிப்பதிவுகளில் வாசித்துவிட்டுச் சொந்த ஊருக்கு வந்து, மாதா கோயில் பாடகர் குழுவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பவர். நான் காம்பாவைப் பற்றிச் சொன்னதும் பெரிதாகச் சிரித்தார்.

"தெரியுமே சார்! செல்லோவோட பாட்டி அது."

"அந்தம்மா முன்னாடி சொல்லிடாதீங்க."

அவர் என்னிடம் எண்ணை வாங்கி, அன்று மாலையே தொலைபேசியில் சொல்லிவிட்டார். இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சண்டை போட்டார்கள். மறுநாள் நான் மன்னிப்புக் கேட்கப் போனால், அம்மையார் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு வெளிச்சம்.

"சார், அந்த மனுஷனுக்கு ஒழுங்காத் தப்பு பண்ணத் தெரியுது! எந்தத் தந்தி எந்தச் சுரம்னு தெரிஞ்சிகினு தப்பாப் பேசறாரு. இந்த ஊர்ல அப்படி ஒருத்தர் இருக்காருன்னு எனக்கு யாரும் சொல்லலியே!"

அதற்குப்பின் சண்டை தினசரி நடந்தது. கடைசியில், இருவரும் சேர்ந்து வாசிப்பது என்று முடிவானது. ஹாலந்துக் கூட்டாளிகளிடமிருந்து இரண்டு கனத்த குரல் வாத்தியங்களுக்கான இசைத்தாளை அம்மையார் வரவழைத்தார். தறிச் சத்தத்தில் தனக்கே கேட்காமல் அதைப் பல வாரம் பழகினார்.

"ரெண்டும் ஒரே அறையில ஒரே நேரத்துல பேசுனாத்தான் உறவா இல்லியான்னு தெரியும். நாம பேசிப் பிரயோஜனம் இல்ல சார்," என்றார்.

"நேரடி விசாரணை," என்றேன்.

"ஆமா. அதோட..." என்று நிறுத்தி, வில்லின் திருகைத் தளர்த்தினார். "இங்க வந்ததுலேர்ந்து இன்னொருத்தரோட வாசிக்கல சார். மறந்துடுமோன்னு பயமா இருக்கு."

நாள் ஒன்றுதான் கிடைத்தது. செல்லோக்காரரின் மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து அவரை ஒரேயடியாக அழைத்துப்போக இருந்தாள். அவர் கிளம்புவதற்குள் வருகிற மின்தடை ஒன்றே ஒன்று. அது தவறினால் தவறியதுதான்.

அன்று காலை இரண்டு மெட்டுகள் அறுந்திருந்தன. பெரிய பெட்டியோடு வருகிறவரை அழைத்துவர நாங்கள் இருவரும் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. "பச்சையம்மா, இந்த ரெண்டை மட்டும் அதே இடத்துல கட்டி வையி," என்று சொல்லிவிட்டு அம்மையார் கிளம்பினார். பேருந்து தாமதம். செல்லோவோடு இறங்கியவரைக் கூட்டிக்கொண்டு வீடு சேர்ந்தபோது தறிகள் நின்று வெகுநேரமாகியிருந்தது. அவ்வளவு அமைதியில் தெருவே வேறு தெரு போலிருந்தது.

பச்சையம்மா தறியை விட்டிறங்கி, தலையில் பூவோடு, வாசலிலேயே நின்றிருந்தாள்.

"யக்கா, வந்து பாரு! ரெண்டு எதுக்கு, ஏழையும் புச்சா கட்டிட்டேன். எப்பப் பாத்தாலும் கோணல் மாணலா இருந்துச்சி. ஒண்ணு அகலம், ஒண்ணு நெருக்கம். நீயும் தினிக்கும் தள்ளிகினே கெடக்குற. பாக்கச் சொல்லோ எனக்கு மனசு கேக்காது. இப்போ பாரு, அச்சுப் பல்லு மாதிரி சமமா இருக்குது. நவுறக்கூடாதுன்னு முடிச்சுல எல்லாம் பசை வெச்சி ஒட்டிட்டேன். இனிமே ஒனக்கு இந்த பேஜாரே இல்ல!"

தறி அச்சின் பற்களுக்கிடையில் ஒரு மயிரிழை வித்தியாசம் வந்தால் சேலை முழுக்கக் கோடு விழும். அந்தக் கண்ணோடு வளர்ந்தவள் வேறெப்படிக் கட்டுவாள்? காம்பாவின் கழுத்தில் ஏழு மெட்டுகள், அளவுகோல் வைத்ததுபோல, சம இடைவெளியில், மின்னும் பட்டில், அசைக்க முடியாமல் இறுகியிருந்தன. இனி அதில் விரல் வைத்தால் ஒரு பாட்டும் பாட்டாக வராது. இது எனக்கே தெரிந்தது என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

நான் காத்திருந்தேன். துக்கம் விசாரிக்க வந்தவரையே திருத்தியவர். கட்டை விரலால் ஒவ்வொரு மெட்டாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. பச்சையம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு பச்சையம்மா," என்றார்.

செல்லோக்காரர் இதற்குள் குச்சியைத் தரையில் ஊன்றிச் சுருதி கூட்ட ஆரம்பித்துவிட்டார். மேசையிலிருந்த இசைத்தாளைப் பார்த்து, "இதாங்களா?" என்றார். அம்மையார் அதை மடித்து அலமாரியில் வைத்தார். "அது வாணாங்க. நீங்க உங்களுக்குத் தோண்றத வாசிங்க. நான் கூட வர்றேன்."

அவர் வாசித்தார். கோயிலில் வாசிக்கும் ஒரு நிதானமான பாட்டு. பிறகு எப்போதோ ஒலிப்பதிவில் வாசித்த ஏதோ ஒன்று. செல்லோவின் குரல் கூடத்தை நிறைத்தது. அம்மையார் இடது கையைக் கழுத்தின்மேல் சும்மா வைத்துக்கொண்டார். ஒரு மெட்டையும் தொடவில்லை. விரல் படாத வெறும் தந்திகள் ஆறும் அவருக்கு மிச்சம். பாட்டு போகிற போக்கில் எந்தத் தந்தி பொருந்துகிறதோ அதில் மட்டும் நீளமாக வில்லை இழுத்தார். தாழ்ந்து, மெலிந்து, பாட்டுக்கு அடியில் ஒரு பாய் விரித்தது போல வந்தது அது.

ஓரிடத்தில் செல்லோவும் அவர் இழுத்த அதே சுரத்தில் வந்து நின்றது. அந்தச் சில நொடிகள் எது எதன் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மையார் கண்ணை மூடியிருந்தார். பாட்டு நகர்ந்துவிட்டது. அவர் வில் மட்டும் அங்கேயே கொஞ்சம் நின்றது.

இரண்டு மணிக்குத் தறிகள் தடதடத்துக் கிளம்பின. செல்லோக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பச்சையம்மா நீட்டிய தேநீரை வாங்கினார். திருப்தியான மனிதர்.

"நல்லா சேருதுங்க. சுருதி போட இதைவிட ஒண்ணு கிடைக்காது. நான்தான் சொன்னேனே, பாட்டி! பேரப்புள்ளை ஓடியாட, பாட்டி கூட ஒக்காந்துகினு இருக்குது. ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இதுல தனியாப் பாட்டு வாசிக்க முடியாது, இல்லீங்களா?"

பச்சையம்மா தேநீர்த் தட்டோடு அங்கேயே நின்றிருந்தாள்.

"முடியாதுங்க," என்றார் அம்மையார்.

பேருந்தில் அவரை ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் நான் சொன்னேன், கிளம்ப இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, மெட்டுகளை மாற்றிக் கட்டிக்கொண்டு போளூருக்கே போய் வாசித்துக் காட்டலாம், கார் ஏற்பாடு செய்கிறேன் என்று.

"ஏன் அன்னிக்கு வாசிக்கலன்னு கேப்பாரே சார். ரெண்டு பேரும் தினிக்கும் போன்ல பேசறவங்க, அவருகிட்ட இன்னொரு பொய் சொல்ல வராது. நெசத்தைச் சொன்னா அது பச்சையம்மா காதுக்கு வந்துடும்."

அவர் போகவில்லை. செல்லோக்காரர் விமானம் ஏறிவிட்டார். போனது போனதுதான், அதன்பின் அம்மையார் இன்னொருவரோடு வாசித்து நான் கேட்டதில்லை. அவரே போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன.

செல்லோக்காரர் போனபின் ஒருநாள், பச்சையம்மா பெரணமல்லூருக்கு உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த சமயம், அம்மையார் பிளேடால் ஏழு மெட்டுகளையும் அறுத்துச் சுரண்டி எடுத்தார். சரியான இடத்தில் கட்டிக்கொள்ள அவரிடம் மிச்சப் பட்டு இருந்தது. ஆனால் கட்டுவதற்குள் பச்சையம்மா ஒருநாள் முன்னதாகவே திரும்பி, பலகாரப் பொட்டலத்தோடு நேரே கூடத்துக்குள் வந்துவிட்டாள். நான் அங்கேதான் இருந்தேன். மொட்டைக் கழுத்தைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"இன்னாக்கா ஆச்சி?"

"எலி கடிச்சிடுச்சி பச்சையம்மா," என்றார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன இரண்டாவது பொய்.

"அடப் பாழாப் போன எலி! பட்டு ருசி கண்டுடுச்சி போல. நீ எதுக்கு இப்படி ஒக்காந்துகினு இருக்குற? நான் இருக்கச் சொல்லோ!" பொட்டலத்தை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். முறுக்கேற்றிய பட்டும் பசைக் குப்பியும் எடுத்துக்கொண்டு, போன வேகத்தில் திரும்பி வந்து தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"குடுக்கா இப்படி."

அம்மையார் தம்மிடமிருந்த மிச்சப் பட்டைப் புடவை மடிப்பில் மறைத்துக்கொண்டார். காம்பாவைச் சாய்த்து, அதன் கழுத்தைப் பச்சையம்மாவின் மடியில் வைத்து, ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் விரலை வைத்து அளந்து, ஒவ்வொன்றாகச் சுற்றி, முடிந்து, பசை வைத்து, வாயால் ஊதினாள். ஏழும் முடிந்ததும் தள்ளி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"சமமா இருக்குதாக்கா?"

"சமமா இருக்குது," என்றார்.